வரத்துக்கால் வழியே

2021 நவம்பரில் மதுரையில் விடாத மழை. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மதியம் ஊரிலிருந்து அம்மா போன் செய்தார். “பக்கத்தூருக் கண்மாய் மறுகால் பாயுதாம், வேடிக்கை பாக்கச் சனம் போய்க்கிட்டிருக்கு. நம்ம கண்மாய்க்குள்ள மாடு குறுக்க நடந்து போகுது” என்றார். இரண்டு ஊருக்கும் ஒரே மலை, ஒரே மழை. இடையில் இரண்டு கல் தூரம்தான். மழை இல்லாததால் வெள்ளாமை இல்லை என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்த எங்கள் ஊருக்கு அந்த வருடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

எங்கள் ஊர் அழகர்மலைக்கு வடகிழக்கே, பெரியாற்றுத் தண்ணீர் எட்டாத பக்கம் இருக்கிறது. 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், பேரணையிலிருந்து பிரிந்து கள்ளந்திரி வரை இருபோகத்துக்கும் அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகத்துக்கும் பாய்கிறது. அந்தக் கால்வாயைப் பேருந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போய் எங்கள் ஊரில் இறங்கினால் வானம் பார்த்த பூமி. மலையில் பெய்வது ஓடையாகி, ஓடை வரத்துக்காலாகிக் கண்மாய்க்கு வந்து சேர்ந்தால் நெல் போடலாம். சேராவிட்டால் நிலம் ஆடு மேயக் கிடக்கும்.

அந்த ஊரில் எனக்கு நாற்பது செண்ட் இருக்கிறது. அப்பா இறந்த பிறகு தம்பிகள் இருவரும் நானும் மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டோம். “சீர் செஞ்சு அனுப்பியாச்சே, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப் பங்கு” என்று கேட்ட உறவினர்கள் உண்டு. 1989-இலேயே தமிழ்நாட்டில் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்கும் சமபங்கு கொடுத்துவிட்டார்கள். என் திருமணம் அதற்குப் பல வருடங்கள் கழித்து நடந்தது. தம்பிகள் மனமுவந்து எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் பங்கு வந்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நஞ்சை நிலம் என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் திறக்கிறார்கள், யாரைக் கேட்பது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நான் மதுரையில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். உள்ளாட்சிப் பாடத்தைப் பத்தொன்பது வருடங்களாக நடத்திவருகிறேன். கிராம சபை ஏன் முக்கியம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் அதுவரை ஒரு கிராம சபைக்குக்கூடப் போனதில்லை. அந்த மழைக்குப் பிறகு நடந்தவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். என்னைப் போல ஊரை விட்டு வந்து, ஊரில் ஒரு துண்டு நிலமும் ஒரு வயதான தாயும் இருப்பவர்கள் மதுரையைச் சுற்றி ஏராளம். அவர்களில் நாலு பேருக்காவது இது உதவும்.

டிசம்பரில் மழை விட்டதும் வரத்துக்காலை ஓடை பிரியும் இடத்திலிருந்து கண்மாய் வரை நடந்து பார்த்தேன். கூட வந்தவர் ஊரின் கடைசி நீர்பாய்ச்சி. எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். காலனியில் குடியிருக்கிறார். மடையைத் திறக்கத் தண்ணீருக்குள் முங்கி இறங்கியவர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்பதை மனப்பாடமாக வைத்திருந்தவர். அறுப்புக் களத்தில் அவருக்கு அளந்து போட்ட நெல்லுக்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர். என் அப்பா அவரைவிட இளையவர், ஆனாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறேன். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஒன்றரை மைல் நடக்க மூன்று மணி நேரம் ஆனது. பாதித் தூரம் கால் இருக்கும் இடமே தெரியவில்லை. சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது. ஓரிடத்தில் தார்ச்சாலையைத் தாண்டிப் போக இரண்டடிக் குழாய் பதித்திருந்தார்கள். முன்பு அங்கே மாட்டுவண்டி நுழைகிற அகலத்துக்குக் கல்பாலம் இருந்ததாம். சாலையை அகலப்படுத்தியபோது அது போயிற்று. அதைத் தாண்டினால் இருபுறமும் வரப்புகள் நெருங்கி நெருங்கிக் கால் வெறும் பள்ளமாகியிருந்தது. அப்புறம் ஓரிடத்தில் தாத்தா நின்றுவிட்டார். காலுக்கு நடுவில் நான்கு தென்னை மரங்கள், நல்ல காய்ப்பு. “இது யாரோடது தாத்தா?” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஒங்க சித்தப்பாது தாயி” என்றார்.

உங்கள் ஊர்க் கண்மாய்க்கும் தண்ணீர் வரவில்லையென்றால், எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன் முதலில் நடந்து பாருங்கள். தனியாகப் போக வேண்டாம், கால் தெரிந்தவரோடு போங்கள். அடைப்பு இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் போட்டோ எடுங்கள். பக்கத்து வயல் யாருடையது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போதே தெரிந்துவிடும், கண்மாயை அடைத்தவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள் இல்லை.

நடந்து முடித்துக் கரையில் உட்கார்ந்தபோது குடிமராமத்தைப் பற்றித் தாத்தாவிடம் கேட்டேன். ஊரே கூடிக் கண்மாயைத் தூர்வாரிய அந்தக் காலத்தைப் பற்றி வகுப்பில் பெருமையாகப் பேசியிருக்கிறேன். “ஊரு கூடுச்சு தாயி. மண்ணு சுமந்தது நாங்க” என்றார். கரையில் குடை பிடித்து நின்றவர்கள் யார், கூடை தூக்கியவர்கள் யார், நிலமில்லாதவர்கள் ஏன் மற்றவர் நிலத்துக்குத் தண்ணீர் வர மண் சுமந்தார்கள் என்றெல்லாம் நான் அதுவரை யோசித்ததே இல்லை. வழக்கப்படி வர வேண்டிய உழைப்பைக் கட்டாயமாக்க வெள்ளைக்காரர்கள் 1858-இல் சட்டமே போட்டார்கள் என்று படித்திருக்கிறேன். அது யார் முதுகில் விழுந்த சட்டம் என்பது அந்தக் கரையில்தான் புரிந்தது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே, விவசாயிகளும் பத்து சதவீதம் பங்கு போட வேண்டும் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கூலி கொடுத்து வேலை வாங்குவது நல்ல மாற்றம். கூடிச் செய்வது என்ற வழக்கம் எனக்கு வேண்டும். அந்தக் குடைகளும் கூடைகளும் எனக்கு வேண்டாம்.

சரி, மனுவுக்கு வருகிறேன். முதல் மனுவில் எல்லாத் தப்பையும் செய்தேன். மூன்று பக்கம் எழுதினேன். பாண்டியர் காலத்திலிருந்து ஆரம்பித்து, கண்மாய் எங்கள் உயிர் என்று முடித்திருந்தேன். சாலைக் குழாய், கருவேலம், ஆக்கிரமிப்பு, மடைப் பழுது என்று நாலு கோரிக்கைகளையும் ஒரே மனுவில் போட்டு, பொதுப்பணித்துறைக்கு அனுப்பினேன். சில வாரம் கழித்து, இது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது.

அவர்கள் சொன்னது சரிதான். ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம்) நாற்பது ஹெக்டேருக்கு, அதாவது சுமார் நூறு ஏக்கருக்கு மேல் இருக்கிற கண்மாய்கள்தான் பொதுப்பணித்துறையிடம் இருந்தன. அவற்றை இப்போது நீர்வளத்துறை பார்க்கிறது. அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் கண்மாய்கள். எங்களுடையது அறுபத்திரண்டு ஏக்கர் பாசனம், ஒன்றியக் கண்மாய். இதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். சாலைக்கு அடியில் போகும் குழாய் சாலை யாருடையதோ அந்தத் துறையைச் சேர்ந்தது. ஆக்கிரமிப்பு வருவாய்த்துறைக்கு, வட்டாட்சியருக்குப் போக வேண்டியது. நாலு கோரிக்கைக்கும் நாலு மேசை. அதனால் ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் எழுதுங்கள். புல எண்ணும் நீளமும் அகலமும் அதில் இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க் கூட்டம், மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டம், மே ஜூனில் வட்டாட்சியர் அலுவலகங்களில் நடக்கிற வருடாந்திரக் கணக்குச் சரிபார்ப்பான ஜமாபந்தி, மூன்றிலும் மனு கொடுக்கலாம். ஜமாபந்தியில் கிராமக் கணக்குப் புத்தகங்கள் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்திருக்கும் என்பதால் நில விஷயத்துக்கு அதுதான் நல்ல இடம் என்பது என் அனுபவம்.

கண்மாய் யாருடையது என்று தெரிந்த பிறகு, கால் எவ்வளவு அகலம் என்று தெரிய வேண்டியிருந்தது. ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எங்கிருந்தும் எந்நேரமும் என்கிற அரசு இணையதளத்தில் புல எண்ணைக் கொடுத்தால் ‘அ’ பதிவேடு கிடைக்கும். அது பட்டா நிலமா புறம்போக்கா என்று தெரிந்துவிடும். புறம்போக்கிலும் ஓடையா, வாய்க்காலா, பாதையா, மயானமா என்று எழுதியிருக்கும். கிராம வரைபடத்தைக் கட்டணம் கட்டி நில அளவைப் பிரிவில் வாங்கினேன். மிச்சத்துக்குத் தகவல் உரிமைச் சட்டம் கைகொடுத்தது.

அந்தச் சட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் முதல் விண்ணப்பத்தில், வரத்துக்காலை ஏன் தூர்வாரவில்லை என்று கேட்டிருந்தேன். அப்படிக் கேட்டால் பதில் வராது. ஏன் என்ற கேள்விக்கு விளக்கம் எழுதும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை, கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் அவர் கொடுக்க வேண்டும். அதனால் ஆவணத்தைக் கேளுங்கள். இந்தப் புல எண்ணின் புலப்பட நகல், இந்தக் கண்மாய்க்குக் கடந்த பத்து ஆண்டுகளில் செலவழித்த தொகைக்கான பதிவேட்டு நகல், இப்படிக் கேட்டால் தட்டிக்கழிக்க முடியாது. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். எனக்கு இரண்டாவது விண்ணப்பத்துக்கு இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. வரத்துக்கால் பெரும்பாலான இடங்களில் ஆறு மீட்டர். சித்தப்பாவின் தென்னை நிற்கும் இடத்திலும் ஆறு மீட்டர்தான்.

எனக்குக் கையில் காகிதம் இருந்தது, வாய் இல்லை. கிராம சபையில் பேசவும் தீர்மானம் கொண்டுவரவும் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். என் ஓட்டு திருமணத்தோடு மதுரைக்கு வந்துவிட்டது. தம்பிகளில் ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் திருப்பூரில். நாங்கள் மூவருமே அந்த ஊரின் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள், ஊரின் சபைக்கு வெளியாட்கள். ஊரில் ஓட்டு இருப்பது அம்மாவுக்கு மட்டும். அம்மாவுக்கு அப்போது எழுபத்தொன்று. ஆம்பளைகள் கூடும் இடத்தில் நின்றுகூடப் பழக்கமில்லாதவர்.

மதுரைப் பக்கத்தில் ஊராட்சி என்ற சொல்லுக்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. மேலவளவு ஊராட்சியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கினார்கள். அதில் தலைவராக வந்த முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் ஒதுக்கீட்டுக்கு இருந்த எதிர்ப்பால் பத்து வருடம் ஒழுங்கான தேர்தலே நடத்த முடியவில்லை. 2006-இல்தான் நடந்தது. அந்த நாற்காலிக்கு ஒன்றும் அதிகாரமில்லை என்று அலட்சியமாகப் பேசுபவர்களைப் பார்க்கிறேன். ஒன்றுமே இல்லாத நாற்காலிக்காக யாரும் யாரையும் கொல்ல மாட்டார்கள்.

எங்கள் ஊராட்சியில் அப்போது தலைவர் ஒரு பெண். அவர் கணவர் பேசுவார், இவர் கையெழுத்துப் போடுவார். பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வந்தும் பல ஊர்களில் இதுதான் நிலைமை. நான் தலைவரின் வீட்டுக்குப் போய், அடுப்படியில் அவரோடு உட்கார்ந்துதான் வரைபடத்தை விரித்தேன். அவர் கணவரைவிட வேகமாகப் புரிந்துகொண்டார். அவர் பிறந்த வீட்டு நிலமும் கடைமடையாம், தண்ணீர் வராத வயலின் வேதனை அவருக்குத் தெரிந்திருந்தது. கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே பொருளை எழுத்தில் கொடுங்கள், அப்போதுதான் நிகழ்ச்சி நிரலில் ஏறும் என்று சொன்னவர் அவர்தான்.

2022 மே 1. வேப்பமரத்தடியில் கூட்டம். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், அவர்களிலும் காலனிப் பெண்கள்தான் அதிகம். ஊருக்குள் நிலம் வைத்திருக்கும் ஆண்கள் இருபது பேர்கூட இல்லை. நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். அம்மா கையில் நான் எழுதிக் கொடுத்த தாள் இருந்தது, மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். எழுந்து நின்று, தாளைப் பார்க்காமலேயே பேசினார். “நான் வாக்கப்பட்டு வந்தப்ப கண்மாயில தண்ணி கெடந்துச்சு. இப்ப இல்ல. கால அடச்சுப்புட்டோம். எங்க வீட்டாளுகளுந்தேன் அடச்சிருக்காக. தோண்டித் தாங்க.” அவ்வளவுதான். சித்தப்பா கூட்டத்தில் இல்லை. ஆனால் அவர் மகன் இருந்தான். எழுந்து போய்விட்டான்.

ஆதரவாக முதலில் குரல் கொடுத்தது ஆயக்கட்டில் ஒரு செண்ட்கூட இல்லாத காலனிப் பெண்கள். கால் வெட்டும் வேலையை நூறு நாள் திட்டத்தில் சேர்த்தால் தங்களுக்கு வேலை, கண்மாய் நிரம்பினால் ஊற்றுக் கிணற்றிலும் தண்ணீர் ஊறும் என்று கணக்காகப் பேசினார்கள். அவர்கள் கை தூக்கியதால்தான் தீர்மானம் நிறைவேறியது.

கிராம சபைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வந்ததும் வெற்று நோட்டில் கையெழுத்து வாங்குவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. தீர்மானத்தை எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். புல எண் தீர்மானத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நகல் கேட்டு வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்து மேலூர்ப் பக்கம் இருக்கிற அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டிப் பக்கத்து மக்களைப் பார்த்தபோது எனக்கு இது நினைவு வந்தது. 2024 நவம்பரில் அங்கே 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்த செய்தி வந்ததும், ஊர் ஊராகக் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானோர் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த வெற்றிக்கு மக்கள் கூட்டமும் காரணம், ஊர் ஊராக எழுதி வைத்த தீர்மானங்களும் காரணம்.

இனி சித்தப்பா. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் வட்டாட்சியர் நோட்டீஸ் கொடுத்து மரத்தை வெட்டலாம். அந்த வழி எனக்குத் திறந்துதான் இருந்தது. ஆனால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மீன்பிடித் திருவிழாவுக்குப் போனவர் அவர். கரையில் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா என்ற மீன்கூடையோடு ஊரே கண்மாய்க்குள் இறங்கும். அவர் பிடித்த முதல் கெளுத்தியை என் பாவாடையில் போட்டது எனக்கு நினைவிருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பேசினேன். “டவுன்ல இருந்துக்கிட்டு எங்களத் திருத்த வந்துட்டியாத்தா?” என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. நிலத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போனவள், வெயிலில் நிற்காதவள், காகிதத்தோடு வந்து நிற்கிறேன்.

அடுத்த வாரம் சர்வேயருக்குப் பணம் கட்டி முதலில் என் நாற்பது செண்ட்டை அளக்கச் சொன்னேன். என் வரப்பும் காலுக்குள் ஒன்றேகால் அடி போயிருந்தது. அப்பா செய்ததா, குத்தகைக்காரர் செய்ததா, தெரியாது. அன்றே ஆள் வைத்து வெட்டிப் பின்னால் தள்ளினேன். வரப்போரத்தில் அப்பா வைத்த ஒரு வேம்பும் போனது, அம்மா ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதைப் பார்த்துப் பக்கத்து வயல்காரர்கள் ஐந்து பேர் தாங்களாகவே வரப்பை வெட்டினார்கள். சித்தப்பா வெட்டவில்லை. கடைசியில் தலைவரும் பெரியவர்களும் பேசி, தென்னைகளில் கரையோரம் இருந்த இரண்டை விட்டுவிட்டு நடுவில் இருந்த இரண்டை எடுத்தார்கள். கால் அந்த இடத்தில் மட்டும் நாலு மீட்டர். சித்தப்பா என் மகளின் சடங்குக்கு வரவில்லை. இன்றுவரை என்னோடு பேசவில்லை. இதற்கு என்னிடம் மருந்து ஒன்றும் இல்லை. ஊருக்காக நிற்கப் போகிறவர்கள், வீட்டுக்குள் இப்படி ஒரு கதவு சாத்தப்படும் என்று தெரிந்தே போக வேண்டும்.

வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவேலத்தை வெட்டினால் துளிர்த்துவிடும், வேரோடு பிடுங்க வேண்டும். அதற்கு ஜேசிபி. ஆயக்கட்டுக்காரர்களிடம் ஏக்கருக்கு எழுநூறு ரூபாய் வசூலித்தோம். வரவு செலவைத் தாளில் எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டினோம். பணத்தைப் பற்றி ஒரு சண்டைகூட வராமல் போனதற்கு அந்தத் தாள்தான் காரணம். கையால் வெட்ட வேண்டிய பகுதி நூறு நாள் வேலையில் முடிந்தது. நீர்பாய்ச்சித் தாத்தா தினமும் வந்து குச்சியால் சரிவைக் காட்டினார். சரிவு தப்பினால் எவ்வளவு தோண்டினாலும் தண்ணீர் நின்றுவிடும், அதைக் கண்ணாலேயே பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு மேற்பார்வைக் கூலி தர வேண்டும் என்று எழுதி வாங்கினோம்.

அந்த வருட மழையில் கண்மாய் முக்கால் நிரம்பியது. பல வருடங்களுக்குப் பிறகு அறுபத்திரண்டு ஏக்கரில் பாதிக்கு மேல் நெல் போட்டார்கள். சாலைக் குழாய் மட்டும் அதே இரண்டடிதான். அந்த மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. 2025 ஜனவரியோடு எங்கள் மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். கேட்பதற்கு நம்மூர் ஆள் ஒருவர் இல்லாதது எவ்வளவு பெரிய குறை என்று இப்போது தெரிகிறது.

பள்ளியில் உள்ளாட்சிப் பாடத்தை இப்போது வேறு மாதிரி நடத்துகிறேன். தல்லாகுளம், பீபிகுளம், மாடக்குளம், ஊமச்சிகுளம் என்று பிள்ளைகளின் முகவரியிலேயே குளம் இருக்கிறது. உங்கள் குளத்துக்குத் தண்ணீர் எந்த வழியில் வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்வேன். 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த வாரம், ஒரு மாணவி பந்தல்குடி வாய்க்கால் போகும் தெருக்களைத் தானே படமாக வரைந்து கொண்டுவந்தாள்.

ஆனால் முடிவுக்கு வராமல் இருப்பது வேறொன்றும் உண்டு. வரத்துக்காலுக்காக நாங்கள் வாங்கினோமே அந்தக் கிராம வரைபடம், அதில் காலை ஒட்டியே இரண்டு புள்ளிக்கோடுகள் போகின்றன. முதலில் நான் கவனிக்கவில்லை. மே தினக் கூட்டத்தில் முதலில் கை தூக்கிய அந்தக் காலனிப் பெண்தான் விரலை வைத்துக் காட்டினார். காலனியிலிருந்து அவர்களுடைய சுடுகாட்டுக்குப் போகிற பாதை. வரைபடத்தில் இருக்கிறது, பதிவேட்டில் பாதை என்றே எழுதியிருக்கிறது, தரையில் இல்லை. எங்கள் வயல்களுக்குள் போய்விட்டது. மழைக்காலத்தில் நாற்றுக்குள் கால் புதையப் புதையப் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், பயிர் அழிகிறது என்று நிலக்காரர்களிடம் திட்டும் வாங்குகிறார்கள். அதற்கும் அவர்கள் கிராம சபையில் பொருள் கொடுத்தார்கள். கால் தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போட்ட ஊர்க்காரர்களில் பலர் அன்று வரவே இல்லை. வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அம்மா போட்டார். அவருக்குப் பின்னால் முன்னாள் தலைவர் போட்டார். அப்புறம் இன்னும் ஏழு பேர்.

அந்தப் பாதை என் நாற்பது செண்ட்டின் தென்மூலையிலும் ஓடுகிறது. கணக்குப்படி நாலு செண்ட் போகும். அடுத்து என் தம்பிகளின் பங்கு, அதற்கடுத்து சித்தப்பாவின் வயல். தம்பிகளிடம் பேசிவிட்டேன், ஒருவன் சரி என்றான், ஒருவன் இன்னும் பதில் சொல்லவில்லை. அளப்பதற்கு மனு கொடுத்துக் கட்டணமும் கட்டியாகிவிட்டது. வருகிற வியாழக்கிழமை சர்வேயர் வருகிறார். நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். தென்மூலையில் நிற்கும் உளுந்தை அதற்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று அம்மா புதன்கிழமைக்கு ஆள் சொல்லியிருக்கிறார்.